நொய்யலில் மழை இல்லாத நாளிலும் நுரை ஓடுவது ஏன்?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது பழைய பெயர். கரையிலுள்ள கொடுமணலில் சங்க காலத்திலேயே கல்மணி செய்திருக்கிறார்கள்.

மழை நின்றால் மலைத்தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையும் ஆலைக்கழிவும்தான், நுரை அதில் வருவது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டும். உப்பு தண்ணீரோடு வெளியேறும். கழிவுநீரில் நிறத்தை நீக்குவதுகூட எளிது, கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத்தொட்டி ஆனது, கொடுமை! 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாதவர்களுக்கே மறுபடி அனுமதி கிடைத்தது. சாக்கடையோ இன்னும் வருகிறது.