துண்டு போட்டுப் பிடிக்கும் நாற்காலி

கேள்வி: ‘இனி ஆபீஸே தேவையில்லை, சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். கட்டடங்களெல்லாம் பேய் பங்களா ஆகப்போகின்றன’ என்று கொரோனா சமயத்தில் இதே பக்கத்தில் எழுதினீர்கள். இப்போது வழிநெடுகப் புதுக் கட்டடம் எழும்புகிறது. எங்கள் கம்பெனியில் வாரம் மூன்று நாள் கட்டாயம் வரச் சொல்கிறார்கள். வந்தால் உட்கார இடமில்லை. அத்தனை இடமும் யாருக்குத்தான் போகிறது?
– பெயர் போட வேண்டாம் என்கிற வாசகி, மேடவாக்கம்

பதில்: எழுதினேன், தப்புதான். துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறது என்பதுதான் ஆறுதல். 2025-ல் நூற்றுக்கு 25 பேர் ஆபீஸுக்கு வந்தாலே போதும் என்று 2020-ல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. அவர்கள் ஜோசியமே பலிக்கவில்லை, நான் எம்மாத்திரம்!

பேய் பங்களா ஆன கட்டடங்களும் இருந்தன. ஆனால் எல்லாப் பழியையும் ‘வீட்டிலிருந்து வேலை’ மேல் போட்டது சரியில்லை. ஓ.எம்.ஆரில் பல கட்டடங்கள், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கென்று ஒதுக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பதிவானவை. அங்கே புதிதாகத் தொடங்கும் யூனிட்டுகளுக்கு இருந்த வருமான வரிச் சலுகை 2020-ஓடு முடிந்தது. சலுகையே இல்லாதபோது அந்த மண்டலத்துக்கான கெடுபிடிகளை யார் சுமப்பார்கள்? உள்ளூர் கம்பெனிக்கு விடலாமென்றால் விதி இடம் கொடுக்கவில்லை. தளம் தளமாகப் பிரித்து மண்டலத்திலிருந்து வெளியே எடுக்கலாம் என்று 2023 டிசம்பரில்தான் விதியைத் திருத்தினார்கள். அதுவரை பூட்டிக் கிடந்த மாடிகளைப் பார்த்துத்தான் நானும் தத்துவம் பேசினேன்.

புதுக் கட்டடங்கள் மேல் கண் வைத்திருப்பது யார் என்று தரகர்களைக் கேட்டால் முதலில் ஜி.சி.சி. என்பார்கள். வெளிநாட்டு வங்கியோ மருந்துக் கம்பெனியோ கார் கம்பெனியோ, வேலையை வெளியாளிடம் விடாமல் தானே இங்கு வந்து திறக்கிற அலுவலகம். ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமின் 2024 கணக்கில் இந்தியா முழுக்க 1,700-க்கும் மேல். வேலை பார்ப்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர். சான்பிரான்சிஸ்கோவில் மூன்றில் ஒரு பங்கு ஆபீஸ் காலியாகக் கிடந்த காலத்தில் இங்கே இடம் கிராக்கியானது இதனால்தான்.

சரி, உங்கள் நாற்காலிக்கு வருகிறேன். ஆயிரம் பேர், ஆளுக்கு மூன்று நாள். பேப்பரில் போட்டால் 600 நாற்காலி போதும். அதை நம்பி 400 மேஜையைத் தூக்குகிறார்கள். ஆனால் எல்லா மேனேஜரும் தன் டீமைச் செவ்வாய், புதன், வியாழன்தான் கூப்பிடுகிறார். ஆக மூன்று நாள் திருவிழாக் கூட்டம், இரண்டு நாள் காற்று வாங்குகிறது. ஐந்து நாளுக்கும் ஆளைப் பிரித்து விட்டால்தான் அந்த 600 கணக்கு வேலை செய்யும். அதைச் செய்ய ஒரு மேனேஜருக்கும் மனசு வராது.

பெருங்குடியில் என் அக்கா மகன் ஆபீஸுக்கு ஒரு புதன்கிழமை போயிருந்தேன். மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்திருந்தான். முந்தின நாளே ஆப்பில் பதிந்த இடத்தில் யாரோ பையும் டிபன் பாக்ஸும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். பொங்கல் சமயத்துக் கோயம்பேட்டு பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவோமே, அதேதான். நடுவில் மஞ்சள் சோபா, ஒரு மர ஊஞ்சல். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அதில் ஒருவரும் உட்காரவில்லை. தனியாகப் போன் பேச ஆளுயரப் பெட்டிகள் நான்கு, அதன் வாசலில் வரிசை. ஒரு பெண் தீயணைப்புப் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்போடு புனேக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த மீட்டிங்கில் ஒன்பது பேராம். அவர்களில் அந்தக் கட்டடத்தில் இருந்தது இரண்டே பேர்.

‘ஆபீஸ் என்றால் இனி கூடிப் பேசும் இடம்’ என்று வடிவமைப்பாளர்கள் சொன்னதை முதலாளிகள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். புனேயோடும் டெக்சஸோடும் பேசுகிறவருக்கு வேண்டியது சோபா இல்லை, சாத்தினால் சத்தம் வெளியே போகாத ஒரு கதவு. மேஜையை எடுத்த இடத்தில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருந்தால் பாதிச் சண்டை இருக்காது. அதற்குச் செலவு அதிகம், ஏ.சி. குழாயை மாற்ற வேண்டும். சோபா என்றால் போட்டோவிலும் நன்றாக விழும்.

இது புது வியாதியும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் சியாட்/டே என்ற விளம்பரக் கம்பெனி 1994-லேயே யாருக்கும் சொந்த மேஜை கிடையாது என்று செய்து பார்த்தது. ஃபைலை வைக்க இடமில்லாமல் கார் டிக்கியையே பீரோ ஆக்கிக்கொண்டார்கள் ஊழியர்கள். சில வருடத்தில் கைவிட்டார்கள்.

2021 செப்டம்பரில் நம் சட்டசபை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவருக்கு நாற்காலி உரிமையானது. அதே சமயத்தில் உங்களுக்கு இருந்த நாற்காலியை எடுத்து ஆப்புக்குள் போட்டுவிட்டார்கள். ஆப் என்றார்கள், ஆப்பு என்று காதில் விழவில்லை நமக்கு.

உட்கார்ந்தே தீர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை போங்கள். ஜன்னலோர இடமே கிடைக்கும். உங்கள் டீம் மட்டும் அன்று வீட்டில் இருக்கும்.