இலங்கையில் இலவசக் கல்வி வென்றது எப்படி?

கல்விச் சீர்திருத்தவாதிகள் வலுவான எதிர்ப்பை மீறித் தங்கள் கொள்கையை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு, இலங்கையின் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா நல்ல விடை. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த அவர், தாம் தலைமை தாங்கிய விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு, சமயச் சார்புப் பாடசாலை நிர்வாகங்களும் செல்வந்தர்களும் காட்டிய கடும் எதிர்ப்பை அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் எதிர்கொண்டு, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரையான இலவசக் கல்வியை 1945 அக்டோபரில் நடைமுறைப்படுத்தினார். வாதத்திறனைவிட முக்கியமான காரணம், கிராமப்புறங்களில் அவர் முன்கூட்டியே நிறுவத் தொடங்கிய, தரமான இடைநிலைக் கல்வி அளித்த மத்திய பாடசாலைகள் என்னும் அரசுப் பள்ளிகளே என்று நான் கருதுகிறேன். கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் தரமான கல்வியை நேரில் கண்டுவிட்ட பிறகு, அதை மறுப்பது அரசியல்வாதிகளுக்கு எளிதாக இருக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில் அவர் தோற்றது வேதனைக்குரியது. ஆயினும் பின்வந்த அரசுகள் எவையும் இலவசக் கல்வியைக் கைவிடவில்லை.