அது வேறு விஷயமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 36. எதிலும் மனம் நிலைக்க மாட்டேன் என்கிறது. புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையை முயன்று பார்த்தேன். போனில் பாதி ஆப்களை நீக்கினேன். பலனில்லை. நீங்கள் எப்படி இத்தனை வருடமாக உட்கார்ந்து எழுதுகிறீர்கள்? தியானம் உதவுமா? "உங்களிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று" என்று என் மனைவி அடிக்கடி சொல்கிறாள். அது வேறு விஷயம்.

ந.

அன்புள்ள ந.,

தியானம் செய்யுங்கள், நல்லதுதான். பொமோடோரோ என்பது பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980களின் இறுதியில், படிக்க உட்காருவதற்காகத் தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துக் கண்டுபிடித்த வழி. அவருக்குச் சரிப்பட்டது. உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் விட்டுத்தள்ளுங்கள்.

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. கடிதம் முழுக்கக் கவனம் இல்லை என்று புலம்பிவிட்டு, அதனால் பக்கத்திலேயே ஒருவர் நொந்துபோயிருப்பதை வேறு விஷயம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

என் அத்தை வீட்டில் மிஷின் வைத்துத் துணி தைத்தார். எப்போதும் வேலை குவிந்து கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் ஏதாவது சொல்லப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். "இரு, இந்தத் தையல் முடியட்டும்" என்பார். கெஞ்சினாலும் நிமிர மாட்டார். இல்லையென்றால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, விட்ட இடத்தில் சாக்பீஸால் சின்னதாகக் கோடு போட்டு, எங்கள் பக்கம் முழுசாகத் திரும்பி "சொல்லு" என்பார். தைத்துக்கொண்டே 'ம், ம்' கொட்டியதில்லை. கொஞ்சுகிற ஆளும் இல்லை, நன்றாகத் திட்டுவார். ஆனாலும் எந்த அற்பச் சண்டையையும் அவரிடம்தான் போய்ச் சொல்லத் தோன்றும்.

ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனதின் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். விட்ட இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் சட்டென்று குறித்துவைத்துவிட்டு நகர்ந்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்பது 2018இல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. அத்தை கோடு போட்டது தையல் பிசகாமல் இருக்க. லாபம் எங்களுக்கு.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்துவிட்டு, ஆறு வருடம் கழித்து அவர்களை மறுபடி விசாரித்தார். "அதோ பார், ஒரு பறவை" என்பது மாதிரி ஒருவர் சும்மா ஏதோ சொல்லும்போது மற்றவர் காது கொடுக்கிறாரா என்று எண்ணினார். சேர்ந்தே இருந்தவர்கள் 100க்கு 86 தடவை காது கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவை. உடனே வீட்டில் கணக்கெடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் அதற்கும் ஒரு ஆப் தேடுகிற ஆள்.

பாதிக் காதோடு கேட்பதைவிட, "இப்போது முடியாது, பத்து நிமிடம் பொறு" என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை. சொன்னபடி பத்து நிமிடத்தில் போய் நிற்கவும் வேண்டும். இது மனைவிக்குக் காட்டும் சலுகை என்று நினைத்தால் நான் சொன்னது உங்களுக்குப் புரியவே இல்லை. நாளெல்லாம் 'ம்' கொட்டிப் பழகிய மனம் புத்தகத்திடமும் 'ம்'தான் கொட்டும். மூன்றாவது பக்கம் எங்கிருந்து வரும்? வீட்டில் ஒருவர் பேசும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், அவர் என்ன ஏது என்று சந்தேகப்படவும் செய்வார். படட்டும்.

நான் எப்படி எழுதுகிறேன் என்ற கேள்வியை மறந்தே போனேன். காலையில் உட்காருகிறேன், எழுதுகிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம், விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால் கவனம் கூடுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுங்கள். அலாரத்தில் உங்கள் மனைவி விழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.