ஏரியில் குதித்த டார்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைக் கல்லூரி நாட்களில் ஒருமுறையும் சென்ற ஆண்டு ஒருமுறையும் வாசித்தேன். அதன்பின் 1995இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடரைப் பார்த்தேன். ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன் என்பதைச் சற்றுக் கூச்சத்துடன்தான் சொல்கிறேன். எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் பகிர்ந்துகொண்டபோது, கதாநாயகன் டார்சி ஏரியில் குதிக்கும் காட்சி நாவலில் கிடையாது, ஆகவே இத்தொடர் ஆஸ்டினுக்குச் செய்த துரோகம் என்றார் ஒரு நண்பர். உடைகளும் மாளிகைகளும் நடனங்களும் அந்தக் காலத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டன, அதற்குமேல் என்ன வேண்டும் என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. செவ்வியல் காதல் நாவலிலிருந்து எடுக்கப்படும் இத்தகைய தொடரை எதைக்கொண்டு மதிப்பிடுவது? என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்குத் தொடரை முதலில் காட்டலாமா, நாவலை முதலில் கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கூச்சப்பட ஏதுமில்லை. அத்தொடரை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறை, விமர்சகனுக்குரிய கறாருடன் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்து, முதல் நடனம் முடிவதற்குள் குறிப்பேட்டை எங்கே வைத்தேன் என்பதையே மறந்துவிட்டேன்.

முதல் நண்பரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிக் காட்சி நாவலில் இல்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரு தகவல் மட்டுமே. அத்தகவலை அப்படியே தீர்ப்பாக்கினால், தொடரின் மிகச்சிறந்த இடங்களில் சிலவற்றையும் நாம் வெட்டி எறிய வேண்டியிருக்கும். கதாநாயகி எலிசபெத் பென்னட்டின் தோழி ஷார்லட்டை நினைத்துப் பாருங்கள். இருபத்தேழு வயதில், காதல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஒரு வீடும் பாதுகாப்பும் வேண்டும் என்பதற்காகவே பாதிரியார் காலின்ஸைக் கைப்பிடித்தவள். அவள் கணவனைத் தோட்ட வேலையில் ஊக்குவிப்பதையும், தன் அறையை வீட்டின் பின்பக்கத்தில் அமைத்துக்கொண்டதையும் நாவல் சொல்கிறது. அதன் காரணத்தை எலிசபெத் தானாகவே ஊகித்துக்கொள்கிறாள். தொடரிலோ ஷார்லட் அதைத் தன் வாயாலேயே சொல்கிறாள். சில நாட்களில் தாங்கள் இருவரும் சில நிமிடங்களுக்குமேல் சேர்ந்திருப்பதே இல்லை என்றும், அந்தத் தனிமையைத் தன்னால் மகிழ்ச்சியாகவே தாங்கிக்கொள்ள முடிகிறது என்றும், விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் தொனியிலேயே அவள் சொல்லும்போது, எலிசபெத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இந்த வசனம் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸுடையது. ஆனால் ஒரு மனம் அமைதியாகக் கணித்ததை இரு முகங்களுக்கு நடுவிலான மௌனமாக அது மாற்றியிருக்கிறது. நாவலில் இல்லாததால்தான் அது நாவலுக்கு உண்மையாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாம் நண்பரின் வாதத்துக்கு ஆஸ்டினே பதில் வைத்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில், நடன விருந்திலிருந்து திரும்பிய எலிசபெத்தின் தாய் திருமதி பென்னட், டார்சியின் நண்பன் பிங்லியின் சகோதரி அணிந்திருந்த கவுனின் சரிகைப் பின்னலை வர்ணிக்கத் தொடங்குகிறார்; ஆடை அலங்கார வர்ணனை எதுவும் வேண்டாம் என்று அவர் கணவர் இடைமறித்துவிடுகிறார். நாவலாசிரியரும் அவர் பக்கமே நின்று மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. உடைகளைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசும் ஒரு நாவல், உடைக்காகவே பேர்போன ஒரு தொலைக்காட்சி வகைமைக்கு இத்தனை முறை மூலமாகியிருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆயினும் உடை பொருட்டில்லை என்று நான் சொல்லவரவில்லை. 1940இல் வந்த ஹாலிவுட் படத்தில், கதையின் காலத்துக்கு இருபதாண்டுகளேனும் பிந்திய, அகன்று விரிந்த பாவாடைகளையும் பெருத்த கைகளையும் பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அது பிழைதான். ஆனால் ஒரு உடை சரியான ஆண்டைச் சேர்ந்ததா என்பதைவிட, அது கதையில் வேலை செய்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன். 1995 தொடரில் உடைகளை வடிவமைத்த டைனா காலின், பென்னட் சகோதரிகளுக்கு வெளிறிய நிறத்தில் எளிய பருத்தி ஆடைகளையும், பிங்லியின் சகோதரிகளுக்கு அடர்ந்த நிறங்களையும் இறகுகளையும் கொடுத்தார். இரண்டு தரப்பும் ஒரே அறையில் நிற்கும்போது, வருமான வேறுபாட்டை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நோயுற்ற அக்காவைப் பார்க்கச் சேற்றில் நடந்தே வந்த எலிசபெத்தின் பாவாடை விளிம்பை பிங்லியின் சகோதரி கரோலின் பார்க்கும் பார்வையில் நாவலின் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை உடையலங்காரத்தின் உச்சம் அந்தச் சேறுதான்.

இனி நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். ஒரு நாவலைக் காட்சியாக்கும்போது சம்பவங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது எளிது. ஐந்தரை மணி நேரம் ஓடும் தொடரில் அநேகமாக எல்லாமே வந்துவிடும். டார்சி முதன்முறை திருமணம் கேட்பது நாவலின் 61 அத்தியாயங்களில் 34ஆவதில் வருகிறது, தொடரிலும் அது மூன்றாம் பகுதியின் முடிவில், சரிபாதியில், வந்து நிற்கிறது. நான் பார்ப்பது வேறொன்று: நாவல் எந்தச் செய்தியை யாருக்கு எப்போது தெரியவைக்கிறது, தொடர் அதே செய்தியை எப்போது தெரியவைக்கிறது என்பதை.

1813இல் வெளியான அந்நாவலின் நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நாம் பெரும்பாலும் எலிசபெத்தின் தோளுக்குப் பின்னால் நின்றே உலகைப் பார்க்கிறோம்; டார்சி தனக்கு அநீதி இழைத்தான் என்று சொல்லும் விக்கம் என்ற இளம் அதிகாரியை அவள் நம்பும்போது நாமும் நம்புகிறோம். அவள் மறுத்தபின் டார்சி தன் தரப்பை விளக்கி எழுதிய கடிதத்தை அவள் முதலில் வெறுப்புடன் அவசர அவசரமாக வாசிக்கிறாள், இனி தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள், அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். அதன்பின்புதான், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் முதல் உரையாடலிலேயே தன் குடும்பக் கதையை விக்கம் கொட்டியது எவ்வளவு முறைகேடானது என்பது அவளுக்கு உறைக்கிறது. அந்த உரையாடல் பதினாறாம் அத்தியாயத்தில் நம் கண்முன்னேதான் நடந்தது. சாட்சியம் முழுவதும் நம்மிடமும் இருந்தது, ஆனால் நாமும் கவனிக்கவில்லை. இந்தக் கணம் வரை என்னை நான் அறிந்திருக்கவில்லை என்று அவள் சொல்லும்போது, வாசகருக்கும் முகம் சூடாக வேண்டும். எனக்குச் சூடாகியது.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பு எழுப்பலாம். எலிசபெத்தின் கரிய கண்கள் டார்சியைக் கவரத் தொடங்கிவிட்டதை ஆறாம் அத்தியாயத்திலேயே ஆஸ்டின் நமக்குச் சொல்லிவிடுகிறாரே, அப்படியானால் நாம் எலிசபெத்தைவிட அதிகம் அறிந்தவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவனுடைய ஈர்ப்பைத்தான் ஆஸ்டின் வெளிப்படுத்துகிறார், அவனுடைய நேர்மையை அல்ல. அவன் காதலிக்கிறான் என்று நமக்குத் தெரியும். அவன் நல்லவனா என்று தெரியாது. நாவலின் முன்பாதி முழுவதும் இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

தொடர் இந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. முதல் காட்சியே இரண்டு ஆண்கள் குதிரையில் பாய்ந்து வருவதுதான். எலிசபெத் தொலைவில் நின்று பார்க்கிறாள். அதன்பின் டார்சி குளிக்கிறான், வாள்பயிற்சி செய்கிறான், உறக்கமின்றித் தவிக்கிறான். டார்சியாக நடித்த கொலின் ஃபர்த்தின் முகம் மிகக் குறைவாகப் பேசி மிக அதிகம் உணர்த்தும் முகம், ஆகவே நாம் அவனுக்காக உருகத் தொடங்குகிறோம். கடிதம் எழுதும் இரவில், அவன் எழுத எழுதவே ராம்ஸ்கேட்டில் தன் தங்கை ஜார்ஜியானாவை விக்கம் ஓடிப்போக இணங்கவைத்த சம்பவங்கள் காட்சிகளாக விரிகின்றன. எனக்கு மிகவும் உறுத்திய இடம் இது. கடிதம் என்பது ஒரு தரப்பின் வாக்குமூலம். அதை நம்புவதா என்று எலிசபெத் எடைபோட வேண்டும், அந்த எடைபோடல்தான் நாவலின் 36ஆம் அத்தியாயம். காமிரா ஜார்ஜியானாவையும் விக்கமையும் ஒன்றாகக் காட்டிவிட்ட அந்த நொடியில் வாக்குமூலம் சாட்சியாகிவிடுகிறது. கண்ணால் கண்டபின் எடைபோட என்ன இருக்கிறது? எலிசபெத் இன்னும் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை, நாம் தீர்ப்பெழுதி முடித்துவிட்டோம்.

பின்பாதியிலும் இதுவே நிகழ்கிறது. எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமுடன் ஓடிப்போனபின், அவளைத் தேடி டார்சி லண்டன் தெருக்களில் அலைவதைத் தொடர் காட்டிவிடுகிறது. நாவலில் இது எலிசபெத்துக்கும் நமக்கும் தெரியாது. தன் திருமணத்துக்கு டார்சி வந்திருந்ததை லிடியா வாய்தவறி உளறிய பிறகு, எலிசபெத் அத்தைக்கு எழுதி, அத்தையின் நீண்ட பதில் வந்து சேரும் 52ஆம் அத்தியாயத்தில்தான், விக்கமுக்குப் பணம் கொடுத்து அத்திருமணத்தை நடத்திவைத்தவன் டார்சி என்பது முழுவதும் புலப்படுகிறது. ஒருவன் யாருக்கும் தெரியாமல் செய்த நற்செயல், அவன் சொல்லாமலேயே வெளிவருவதில் உள்ள அழகு அது. யாருக்கும் தெரியாமல் அவன் செய்வதை நாம் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு வெளிவர ஒன்றுமில்லை.

இப்போது ஏரிக்குப் போவோம். நாவலில் பெம்பர்லி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் நிற்கும் எலிசபெத்துக்குச் இருபது கஜத் தொலைவில், சற்றும் எதிர்பாராமல், அதன் சொந்தக்காரன் வந்து நிற்கிறான். இருவர் முகமும் சிவக்கின்றன. ஆனால் அவளுடைய வெட்கத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வேண்டாம் என்று உதறிய மனிதனின் வீட்டில், அவன் இல்லை என்று நம்பி நுழைந்துவிட்டு, வேண்டுமென்றே அவன் கண்ணில் படவந்தவளைப்போல அகப்பட்டுக்கொண்டாள். தொடரில் ஈரச்சட்டையோடு நிற்பவன் அவன் என்பதால் சங்கடத்தின் பெரும்பங்கு அவனுக்குப் போய்விடுகிறது. நகைச்சுவையாக அது மிக நன்றாக அமைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவள் உள்ளே அவனுடைய ஓவியத்தின்முன் நிற்கும்போதே, அவன் குதிரையில் வருவதையும் நீரில் பாய்வதையும் இடையிடையே வெட்டிக் காட்டிவிட்டார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது; நமக்கு இல்லை. உங்கள் நண்பர் காட்சியின்மேல் கோபப்படுகிறார், நான் அது வைக்கப்பட்ட இடத்தின்மேல் கோபப்படுகிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு, டார்சிக்கு 10,000. தந்தை இறந்தால் வீடும் நிலமும் ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போய்விடும். எலிசபெத்தின் பங்கு, அதுவும் தாயின் காலத்துக்குப்பின், நான்கு சதவீத வட்டியில் போட்ட 1,000 பவுண்டு மட்டுமே என்பதைத் திருமணம் கேட்கும்போதே காலின்ஸ் நினைவூட்டுகிறார். அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. தொடரில் பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் வீடு எப்போதும் நல்ல வெளிச்சத்தில், நன்றாகத் துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது. அந்த வீட்டைப் பார்த்தால் யாருக்கும் எதிர்காலம் குறித்த பயம் வராது. ஆகவே அலிசன் ஸ்டெட்மனின் திருமதி பென்னட் கீச்சுக்குரலில் புலம்பும்போது நாம் சிரிக்க மட்டும் செய்கிறோம். அந்தப் பெண்மணி அபத்தமானவர்தான், ஆனால் அந்த வீட்டில் கணக்குப் போட்டுப் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் மூன்று முறை பார்த்தாய் என்று கேட்பீர்கள். எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் ஈலிக்காக என்பது நேர்மையான பதில். பெம்பர்லியில் அந்த மாலைநேரம். கரோலின் வேண்டுமென்றே விக்கமின் பெயரை எடுக்கிறாள், பியானோவில் அமர்ந்திருக்கும் ஜார்ஜியானா தடுமாறுகிறாள், எலிசபெத் சட்டென்று அவளருகில் போய்த் துணைநிற்கிறாள், பிறகு அறைக்கு அப்பாலிருக்கும் டார்சியை நிமிர்ந்து பார்க்கிறாள். நாவலில் இது ஒரு பகல்நேரச் சந்திப்பில் நடக்கிறது, பியானோ இல்லை. ஆனால் காமிரா இங்கே எதையும் முந்திக்கொண்டு சொல்லவில்லை. அவள் அறிந்த அளவே நாமும் அறிந்திருக்கிறோம். அவள் எப்போது காதலிக்கத் தொடங்கினாள் என்று எனக்குப் புரிந்தது அந்தப் பார்வையில்தான். அத்தொடருக்காக ஈலிக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. ஊரெல்லாம் ஃபர்த்தின் சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவர்கள் சரியான முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அது நல்ல தொடர், ஆனால் வேறு கதை. தன் தீர்ப்புத் தவறென்று கண்டுகொண்ட பெண்ணின் கதையை, காதலில் தவித்து மேம்பட்ட ஆணின் கதையாக அது பாதிக்குப் பாதி மாற்றிவிட்டது.

உங்கள் மகளுக்கு நாவலையே முதலில் கொடுங்கள், குறைந்தது 36ஆம் அத்தியாயம் வரையாவது. விக்கமை முழுமனதாக நம்பி ஏமாறும் வாய்ப்பு அவளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும், அதைத் தொடர் பறித்துவிடும். அவள் பாதி வாசித்திருக்கும்போது விக்கமைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டு, பதிலை எனக்கு எழுதுங்கள். அவளிடம் எதையும் சொல்லிவிட வேண்டாம்.