வில்லோடு விமானம் ஏறப்போகும் மகளுக்கு எந்தப் பெட்டி வாங்குவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: “பிளஸ் 1 படிக்கும் என் மகள் காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்தது) பழகுகிறாள். அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய தாய்மாமன், தான் வேட்டைக்கு வைத்திருந்த வில்லை இழுவிசை குறைத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த போட்டிக்கு முதல் முறையாகச் சென்னையிலிருந்து விமானத்தில் போகிறோம். அதற்கு முன் மைத்துனர் ஊருக்கு வருகிறார். பெட்டியை அவரிடமே வாங்கி வரச் சொல்லலாமா? எந்த மாதிரி, என்ன அளவு?”

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் “நல்ல பெட்டியாக ஒன்று” என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அங்கே விற்கும் வில் பெட்டிகளில் பெரும்பாலானவை வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. வண்டியின் பின்புறம் போட்டு, மழையிலும் சேற்றிலும் இழுத்துக்கொண்டு போவதற்கு ஏற்ற கனம் அவற்றில் இருக்கும். நம் ஊர் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன் அனுமதி. தடித்த சுவர் கொண்ட சில பெட்டிகள் காலியாகவே எட்டு, ஒன்பது கிலோ இருக்கின்றன. வில், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் நிறுத்தும் கம்பி), எடைக் குண்டுகள், அம்புகள், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் சுமார் ஐந்து கிலோ. மீதி ஒரு கிலோவில் பெண் துணிமணியும் காலணியும் எப்படி எடுத்துப்போவாள்? ஐந்து கிலோவுக்குள் இருக்கும் பெட்டியாகக் கேளுங்கள். பிளானோ போன்ற நிறுவனங்களின் சாதாரண பிளாஸ்டிக் பெட்டிகளில் இந்த எடைக்குள் கிடைக்கும். எஸ்.கே.பி., பெலிகன் வகைப் பெட்டிகள் அருமையானவைதான். அவற்றை வாங்குவதானால் கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டும் பணத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அடுத்தது அளவு. பல விமான நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள், அதாவது 62 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இந்த இடத்தில் உங்கள் மகளின் வில் வேட்டை வில்லாக இருப்பது நல்லதாகப் போயிற்று. வேட்டை வில்கள் புதர்களுக்குள் நுழைந்து போவதற்காகக் குட்டையாகச் செய்யப்படுபவை. ஒரு முனைச் சக்கரத்தின் அச்சிலிருந்து மறுமுனை அச்சு வரை, அதாவது அச்சுக்கு அச்சு, 28 முதல் 33 அங்குலம்தான் இருக்கும். 32 அங்குல வில் என்று வைத்துக்கொண்டால், இரு முனையிலும் உள்ள கேம் சக்கரங்களைச் சேர்த்து 35 அங்குலம் வரும். வெளிநீளம் 40, அகலம் 15, உயரம் 7 உள்ள பெட்டியில் அது அடங்கும். கூட்டினால் சரியாக 62. போட்டிக்கென்றே செய்யப்படும் 38 அங்குல வில்லானால் பெட்டி 46 அங்குலம் போய்விடும், கூட்டுத்தொகை 68 ஆகிவிடும். அப்போது அளவு மீறிய பொருளுக்கான கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

“நாளைக்குப் பெரிய வில் வாங்கினால் இந்தப் பெட்டி உதவாதே, பெரியதாகவே வாங்கிவிடலாமா?” என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம் என்பேன். பெரிய பெட்டிக்குள் சின்ன வில் அலையும். போகும் ஒவ்வொரு விமானத்திலும் கூடுதல் கட்டணம் வேறு. பயிற்சியாளரைக் கேளுங்கள். இந்த ஆண்டுக்குள்ளேயே வில் மாற்ற வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொன்னால் ஒழிய, இப்போதிருக்கும் வில்லுக்கே வாங்குங்கள். பின்னால் அதை வாங்கிக்கொள்ள வேறொரு வில்வித்தை மாணவரின் குடும்பம் கட்டாயம் கிடைக்கும்.

மைத்துனருக்கு அளவு சொல்வதற்கு எளிய வழி: சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர், அம்புக்கூடு மூன்றையும் கழற்றிவிட்டு, வில்லைத் தினசரித் தாள் மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரையுங்கள். அதன் நீள அகலத்தை அளந்து, ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். கிடைப்பதுதான் பெட்டியின் உள்ளளவு. விளம்பரத்தில் வெளியளவைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளளவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காலிப் பெட்டியும் அவருடைய லக்கேஜ் கணக்கில் ஓர் எண்ணிக்கைதான் என்பதால், அதில் தன் துணிகளை அடுக்கிக்கொண்டு வரட்டும். பிளேடு வைத்த வேட்டை முனைகள் எதையும் பெட்டியோடு சேர்த்து அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கும் நாடு இது. உங்கள் மகளுக்குத் தேவை இலக்குப் பலகையில் எய்யும் சாதாரண முனைகள் மட்டுமே.

வாசகர்கள் அதிகம் கவனிக்காத விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பெட்டி உடைந்து வில் கெடுவது அபூர்வம். பெட்டிக்குள்ளேயே வில் ஆடி, கேம் சக்கரத்தின் ஓரம் சுவரில் இடித்துக் கெடுவதுதான் அதிகம். மெல்லிய அலுமினியத் தகடு அது. கொஞ்சம் வளைந்தாலும் நாண் பள்ளத்தை விட்டு நழுவும். கடையில் பெட்டியோடு வரும் முட்டை அட்டை வடிவ ஃபோம் சில மாதங்களிலேயே அமுங்கித் தட்டையாகிவிடும். நம் வட்டாரக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணித் தொழிலுக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. ஃபோம் தகடுகளைக் கேட்டால் கிடைக்கும். அழுத்தினால் மீண்டு வரும், தண்ணீர் குடிக்காது. வரைந்த தினசரித் தாளையே மாதிரியாக வைத்து வெட்டி, ரைசரை, அதாவது வில்லின் நடுவே கைப்பிடி உள்ள பகுதியை, பிடித்துக்கொள்ளும்படி பள்ளம் செய்யுங்கள். கேம் சக்கரங்களைச் சுற்றி எதுவும் தொடாதபடி வெற்றிடம் விடுங்கள். வில்லின் பாரம் முழுவதும் ரைசர்மீது இறங்க வேண்டும்; கேமும் நாணும் அந்தரத்தில் நிற்க வேண்டும். மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் ஃபோம் வேண்டும் என்று பொருள்.

நீர் புகாத பெட்டியானால் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வானத்தில் சரக்கு அறையின் அழுத்தம் குறையும்போது உள்காற்று கசிந்து வெளியேறும்; தரையிறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வால்வு இல்லாவிட்டால் மூடியைத் திறக்க இழுபறிதான். சாதாரண பிளாஸ்டிக் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

விமானத்தைவிட எனக்குக் கவலை தருவது குடியாத்தத்திலிருந்து மீனம்பாக்கம் வரையிலான சாலைப் பயணம். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் மூடிய காரின் டிக்கிக்குள் வில்லை மணிக்கணக்கில் வைத்தால், லிம்பின் (வில்லின் வளையும் கைகளின்) அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகலாம்; நாண் நீண்டு வில்லின் அமைப்பே மாறலாம். பெட்டியை இருக்கைப் பக்கம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் ஒருவர் காரிலேயே ஏ.சி.யோடு இருக்கட்டும். கறுப்பு நிறப் பெட்டியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

விமான நிலையத்தில் வில்லும் அம்பும் கட்டாயம் செக்-இன்தான். கையில் கொண்டுபோக விட மாட்டார்கள். ஆலன் கீ முதலிய கருவிகளும் பெட்டியிலேயே இருக்கட்டும். உதிரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் மட்டும் கைப்பையில் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் அவற்றுக்கு இடமில்லை. சைட்டின் லென்ஸைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைப்பது என் பரிந்துரை. ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கைக்கருவி) இரண்டு இருந்தால் ஒன்று பெட்டியில், ஒன்று கையில். பாதுகாப்புச் சோதனையில் கையிலிருப்பதை மறுத்தாலும் போட்டி நின்றுவிடாது.

டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் பெட்டியின் அளவையும் எடையையும் சொல்லி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் விளையாட்டுக் கருவிகளுக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. மாவட்ட வில்வித்தைச் சங்கத்தின் கடிதமும் கூடவே இருக்கட்டும். எக்ஸ்-ரேயில் கேமும் கம்பிகளும் விநோதமாகத் தெரிவதால் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். சாவி மகளிடமோ உங்களிடமோ இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. திறந்தவர் ஆர்வத்தில் நாணை இழுத்து விட்டுவிடும் ஆபத்து உண்மையானது. அம்பு இல்லாமல் விட்டால் அத்தனை விசையும் வில்லுக்குள்ளேயே பாய்ந்து லிம்ப் பிளக்கலாம். ஆகவே சிவப்புத் துணி நாடா ஒன்றை நாணில் கட்டி, “நாணை இழுக்காதீர்கள்” என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். மகள் பக்கத்தில் நின்று, தானே வில்லைத் தூக்கிக் காட்டட்டும். அந்த உரிமையை அவள் கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டாம்.

சக்கரம் இல்லாத ரிகர்வ் வில் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. ரைசரும் லிம்பும் தனித்தனியாகக் கழன்றுவிடும். பெரிய கடினச் சூட்கேஸே போதும். அவர்களுக்கு நீளமான பொருள் அம்புதான். குழாயில் போட்டு மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் அடங்கும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், அச்சுக்கு அச்சு நீளத்தையும், கைப்பிடியிலிருந்து நாண் வரையிலான இடைவெளியையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். சைட் அளவுகளைப் படம் எடுத்து வையுங்கள். போய் இறங்கியதும் அவள் ஆசையாக வில்லை இழுத்துப் பார்க்க முனைவாள். அதற்கு முன் மூன்று வேலை. லிம்பின் ஓரங்களில் பஞ்சை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே விரிசல். கேமின் பள்ளத்தில் நாணும், இரு கேம்களையும் இணைக்கும் கேபிளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இரு முனையிலும் பாருங்கள். நோட்டிலுள்ள அளவுகளை மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். கார்பன் அம்புகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து லேசாக வளையுங்கள். நெரியும் ஓசை கேட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் வில் பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வைத்திருக்கும் பயிற்சியாளர் பார்க்கும்வரை நாணில் கை வைக்க வேண்டாம். பயிற்சிக்கென்று ஒதுக்கிய நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.