போர்டை மாற்றாதீர்கள்: டிவி கேள்வி – பதில்

கேள்வி: 2014இல் தவணைக்கு வாங்கிய 32 அங்குல ஸ்மார்ட் டிவி எங்களுடையது. யூடியூபைத் திறந்தால் ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்று வருகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினோம். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம் தங்கச்சி. போர்ட் போயிருந்தால் அந்த அறிவிப்பையே நீங்கள் வாசித்திருக்க முடியாது. டிஷ் சேனல் வருகிறதா, பென் டிரைவில் பாட்டு ஓடுகிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெட்டியில் பழுதில்லை. நம்ம பக்கத்து மழைக்கும் பனிக்கும் போர்டில் பச்சை பிடித்து என் மேசைக்கு வரும் டிவிகள் வேறு ரகம். அவற்றில் படமே வராது.

உங்கள் டிவியில் பழசானது மென்பொருள். ஒரு மாடல் வந்து சில வருடங்களில் அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதைக் கம்பனிகள் நிறுத்திவிடும். யூடியூப்காரர்களோ தங்கள் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 2015 ஏப்ரலில் அவர்கள் பழைய இணைப்பு முறையை மூடியபோது, 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் யூடியூப் நின்றது. 2019 டிசம்பரில் 2010, 2011 மாடல் சாம்சங் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. காசு கொடுத்து போர்டை மாற்றினாலும் அதே மாடல் போர்டில் அதே பழைய மென்பொருள்தான் இருக்கும்!

போர்டுக்குப் பதிலாக, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் யூடியூபைத் தானே ஓட்டும் ஸ்டிக் ஒன்று, பெயருள்ள கம்பனியுடையதாக வாங்குங்கள். அதற்கு டிவியின் யூஎஸ்பியில் கரண்ட் எடுக்காதீர்கள். பழைய டிவிகள் பலவற்றில் அது அரை அம்பியர்தான் தரும். ஸ்டிக் அணைந்து அணைந்து எழும்பும். கூட வரும் சார்ஜரையே பாவியுங்கள்.

உங்களுக்கு வந்தது போல் இல்லாமல், ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று வந்தால் முதலில் டிவியில் திகதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் சில டிவிகள் பல வருடம் பின்னால் போய்விடும். தாங்கள் அசல்தான் என்று டிவிக்குக் காட்ட இணையச் சேவைகள் வைத்திருக்கும் டிஜிட்டல் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. திகதி பிழைத்தால் டிவி அதை நம்பாது. சான்றிதழே காலாவதியானாலும் சிக்கல்தான். 2025 மார்ச்சில், டிவியில் செருகும் கூகுள் கருவியான குரோம்காஸ்டின் இரண்டாம் தலைமுறை இப்படித்தான் நின்றது. கூகுள் புதுப்பிப்பு அனுப்பியதும் ஓடியது.

கேள்வி: எல்லாச் சேனலும் இலவசம் என்று பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. இந்த மாதிரிப் பெட்டிகள் சிலவற்றில் கடைக்கு வருமுன்பே தீய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. பேட்பாக்ஸ் 2.0 என்ற அதைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ எச்சரித்தது. நீங்கள் படம் பார்க்கும்போது உங்கள் வீட்டு இணையத்தின் வழியாக எவனோ களவு வேலை பார்ப்பான். ஏற்கெனவே வாங்கிவிட்டால் வைஃபையிலிருந்து கழற்றுங்கள். அதில் ஜிமெயில் கணக்குப் போட்டிருந்தால், ஃபோனில் போய் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.