வாசகர் கேள்வி – பதில்: சின்ன ஹனிபல்

கேள்வி: ஐயா, 1782இல் பிரெஞ்சுக் கடற்படை மட்டக்களப்புக்கு வந்தபோது, ஆங்கிலேயரிடம் பிடித்த போர்க்கப்பல் ஒன்றும் அதில் இருந்ததாமே? எதிரியின் கப்பலை வைத்து எதிரியோடேயே எப்படிச் சண்டை பிடித்தார்கள்?
– ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: உண்மைதான் மகள். கப்பலின் பெயர் ஹனிபல். 1779இல் இங்கிலாந்தில், பக்லர்ஸ் ஹார்ட் என்ற ஆற்றங்கரைத் துறையில் கட்டி இறக்கிய 50 பீரங்கிக் கப்பல். 1782 ஜனவரியில் சுமத்ராவுக்கு அப்பால் தனியாக வந்துகொண்டிருந்தபோது பிரெஞ்சுக் கப்பல்களிடம் மாட்டிக்கொண்டது.

பெயரைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அதே பெயரில் 74 பீரங்கிக் கப்பல் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால் இது 'சின்ன ஹனிபல்' ஆயிற்று. அடுத்த மாதமே, பெப்ரவரி 17இல், சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயரை எதிர்த்து வரிசையில் நின்றது. ஏன் இத்தனை அவசரம்? தளபதி சஃப்ரனுக்குக் கையில் பிரெஞ்சுத் துறைமுகம் என்று இருந்தது தூரத்து மொரிசியஸ்தான். ஒரு பாய்மரம் முறிந்தால் மாற்று மரம் தேடுவதே பெரும்பாடு. அந்த நிலையில் முழுசாக ஒரு கப்பல் கிடைத்தால் யார் விடுவார்?

ஆனால் குண்டுதான் சிக்கல். நமது கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கியின் வாய்க்குள் சிறுவயதில் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே துரு சொரசொரவென்று விரலில் ஒட்டும். அந்த வாயின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஹனிபலின் கீழ்த்தட்டில் இருந்தவை 24 இறாத்தல் குண்டு போடும் பீரங்கிகள். ஆங்கில இறாத்தல் சுமார் 453 கிராம், பிரெஞ்சு இறாத்தல் சுமார் 489 கிராம். இரண்டுக்கும் '24' என்றுதான் பெயர், ஆனால் பிரெஞ்சுக் குண்டு பருமன் கூட. ஆங்கிலப் பீரங்கிக்குள் அது சரியாக இறங்காது. பிடித்த கப்பலைப் பிடித்த குண்டோடு ஓட்டுவதுதான் சுகம்.

ஏப்ரல் 12இல் திருகோணமலைக்குத் தெற்கே, புரொவிடியன் என்ற சிறு தீவுக்கருகில் அடுத்த சண்டை. இரு பக்கத்திலும் அடி பலம். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் திருகோணமலைக்குப் போனார். அது அப்போது அவர் பக்கம். சஃப்ரன் ஒல்லாந்தரின் மட்டக்களப்புக்கு வந்து, ஜூன் தொடக்கம் வரை கப்பல்களைச் சீர்செய்தார். நோயாளிகளைக் கரையில் இறக்கினார். உப்பிறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்று பல் ஈறு வீங்கியவர்களுக்குப் பச்சைக் காய்கறிதான் மருந்து. அப்புறம் ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர். சின்ன ஹனிபல் ஐந்து சண்டையும் கண்டது.

எனக்கு மனம் கேளாதது கப்பலைப் பற்றியல்ல, அதில் இருந்த ஆங்கிலப் பையன்களைப் பற்றி. கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு சரிவராமல் போக, சஃப்ரன் அவர்களை ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். ஜேம்ஸ் ஸ்கரி என்ற பதின்ம வயதுப் பையனும் அவர்களில் ஒருவன். மைசூர் அரசில் சுமார் 10 ஆண்டு சிறைப்பட்டுக் கிடந்து, தப்பி ஊர் சேர்ந்து, தன் கதையை எழுதி வைத்தான். சஃப்ரனைக் கடலில் மெச்சுகிறேன். இந்த ஒரு காரியத்தில் என்னால் முடியாது.

கேள்வி: அந்தக் கப்பல்கள் நமது வாவிக்குள் வந்தனவா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை. அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் நிறைய வேண்டும். முகத்துவாரத்தில் மணல்மேடு கிடக்கிற கிடையை நீங்களே பார்த்திருப்பீர்கள். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியதுதான். நல்லகாலம், சித்திரை வைகாசியில் நமது கடல் அடங்கியிருக்கும். தண்ணீர், விறகு, நோயாளிகள் என்று எல்லாமே வள்ளத்தில் ஏறித்தான் போய்வர வேண்டும்.